குழுவைக் கூட்டச் சொல்லுங்கள்

கேள்வி: குழந்தைகள் நலனெல்லாம் அதிகாரிகள் வேலைதானே? ஊராட்சி இதில் தலையிட முடியுமா?
– வாசகி, மணப்பாறை

பதில்: தலையிடத்தான் வேண்டும். கிராம அளவிலான குழந்தைகள் பாதுகாப்புக் குழுவுக்கு ஊராட்சித் தலைவர்தான் தலைவர். அங்கன்வாடிப் பணியாளர், சுகாதாரச் செவிலியர், ஆசிரியர் ஆகியோரோடு பிள்ளைகளின் பிரதிநிதிகள் இருவரும் உறுப்பினர்கள். பல ஊர்களில் இந்தக் குழு மினிட் புத்தகத்தில் மட்டுமே கூடும். கையெழுத்துக்குப் புத்தகம் வீடு தேடி வந்துவிடும்! அந்தப் பிள்ளைகள் இருவரையும் பேசவிட்டாலே போதும். பள்ளிக் கழிப்பறையில் தண்ணீர் வராதது, பாதியில் படிப்பை நிறுத்தியவள் யார், பத்தாவது படிக்கும் எந்தப் பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறார்கள் என எல்லாம் வெளியே வரும். அடுத்த கிராம சபையில், குழு கடைசியாக எப்போது கூடியது என்று கேளுங்கள். பதிலைத் தீர்மானப் புத்தகத்தில் எழுதச் சொல்லுங்கள். அவசரமென்றால் சபைவரை காத்திருக்க வேண்டாம், குழந்தைகள் உதவி எண்ணான 1098-ஐ அழையுங்கள்.