தறி நின்னாலும் நிக்காத மனசு: மன அழுத்தம் நம்ம உடம்புக்குள்ள என்ன பண்ணுது?

🙏 முருகா சரணம் 🙏



நம்ம குழுவுக்கு வர்ற கேள்விகள்ல ஒண்ணு மட்டும் திரும்பத் திரும்ப வருது. வார்த்தை மாறும், விஷயம் ஒண்ணுதான். "அண்ணா, செவ்வாய்க்கிழமை தவறாம விரதம் இருக்கிறேன். கவசம் தினமும் படிக்கிறேன். அப்பவும் ராத்திரி தூக்கம் வரமாட்டேங்குது. நெஞ்சு படபடன்னு அடிக்குது. வயிறு எப்பவும் சரியில்ல. எனக்கு பக்தி பத்தலையா?"

பதிலை முதல்லயே சொல்லிடறேன். பக்தி பத்தாததால வர்றது இல்லைங்க இது. மனசுல இருக்கிற பாரத்தை உடம்பு சுமக்குது, அவ்வளவுதான். அது எப்படி நடக்குதுன்னு தெரிஞ்சா பாதி பயம் போயிடும். பொறுமையா கடைசி வரைக்கும் படிங்க.

*1. ஆபத்து வந்தா உடம்பு என்ன செய்யும்?*

நம்ம ஊர் பைபாஸைக் கடக்கிறீங்க. திடீர்னு ஒரு லாரி ஹாரன் அடிச்சுட்டு வருது. யோசிக்கிறதுக்கு முன்னாடியே கால் பின்னால போயிடும். இதயம் வேகமா அடிக்கும், உள்ளங்கை வேர்க்கும்.

அந்த நொடியில மூளை நரம்பு வழியா ஒரு சேதி அனுப்புது. சிறுநீரகத்துக்கு மேல தொப்பி மாதிரி உட்கார்ந்திருக்கிற அட்ரினல் சுரப்பி, அட்ரினலினை ரத்தத்துல கலக்குது. கொஞ்ச நேரம் கழிச்சு கார்டிசால்னு இன்னொரு ஹார்மோனும் கூடுது. ஈரல் சர்க்கரையை ரத்தத்துல விடுது. ரத்தம் தசைகளுக்குப் போகுது. அந்த நேரத்துக்குத் தேவையில்லாத செரிமானம் மெதுவாகுது.

இதை வால்டர் கேனன்ங்கிற அமெரிக்க உடலியல் அறிஞர் 1915ல விளக்கினார். எதிர்த்து நில், இல்லைன்னா ஓடிப் போ, இந்த ரெண்டுல ஒண்ணுக்கு உடம்பு தயாராகுதுன்னு சொன்னார். லாரி போனதும் கொஞ்ச நேரத்துல எல்லாம் பழைய நிலைக்கு வந்துடும். இது நம்மளைக் காப்பாத்த இருக்கிற ஏற்பாடு. பரீட்சைக்கு முன்னாடி வர்ற லேசான பதட்டமும் இதே வகைதான். அதுல தப்பு ஒண்ணும் இல்லை.

*2. லாரி போகவே இல்லைன்னா?*

சிக்கல் இங்கதான் ஆரம்பிக்குது. கடன், வேலை, வீட்டுச் சண்டை, ரிசல்ட், கல்யாணப் பேச்சு இதெல்லாம் ஒரு நிமிஷத்துல கடந்து போற லாரி இல்லை. மாசக்கணக்குல நம்ம முன்னாடியே நிக்குது. ஆனா உடம்புக்கு அந்த வித்தியாசம் தெரியாது. லாரிக்கு அடிச்ச அதே மணியை இதுக்கும் அடிக்குது, தினமும் அடிக்குது.

1936ல ஹான்ஸ் செல்யேங்கிற விஞ்ஞானி 'நேச்சர்' இதழ்ல ஒரு சின்னக் கட்டுரை எழுதினார். எலிகளைக் குளிர்ல வச்சாலும், காயப்படுத்தினாலும், அளவுக்கு மீறி ஓட வச்சாலும் உள்ள ஒரே மாதிரி மாற்றம் தெரிஞ்சுது. அட்ரினல் சுரப்பி வீங்குச்சு, நோய் எதிர்ப்புக்கு உதவற தைமஸ் சுருங்குச்சு, இரைப்பையில புண் வந்துச்சு. துன்பம் பலவிதம், ஆனா உடம்பு கொடுக்கிற விலை ஒரே மாதிரி. 'ஸ்ட்ரெஸ்'ங்கிற சொல் பின்னாடி உலகம் முழுக்கப் பரவினதுக்கு முக்கியக் காரணம் இவர்தான்.

மனுஷங்ககிட்ட இது எப்படித் தெரியும்? 1995ல 'லான்செட்' மருத்துவ இதழ்ல வந்த ஒரு ஆய்வைச் சொல்றேன். ஞாபகமறதி நோய் வந்த சொந்தக்காரங்களைப் பார்த்துக்கிற 13 பெண்களையும், அந்தப் பாரம் இல்லாத 13 பெண்களையும் எடுத்துக்கிட்டாங்க. எல்லார் கையிலயும் ஒரே அளவுல ஒரு சின்னக் காயம் போட்டு, எத்தனை நாள்ல ஆறுதுன்னு பார்த்தாங்க. பாரம் இல்லாதவங்களுக்குச் சராசரியா 39 நாள் ஆச்சு. பராமரிக்கிறவங்களுக்கு கிட்டத்தட்ட 49 நாள். மனசு அழுந்தினா தோல் ஆறக்கூட தாமதமாகுது.

இதனாலதான் நீண்டகால அழுத்தம் உள்ளவங்களுக்குத் தூக்கம் கெடுது, தலைவலி, கழுத்துவலி வருது, சளி அடிக்கடி பிடிக்குது, ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய் இதுக்கெல்லாம் வாய்ப்பு கூடுது. மனசுப் பக்கம் பார்த்தா எரிச்சல், மறதி, எதுலயும் பிடிப்பில்லாமை, அப்புறம் மனச்சோர்வு, பதட்ட நோய் வரைக்கும் போகலாம்.

ஒரு விஷயம் மட்டும் தெளிவா வச்சுக்கங்க. அல்சர் வந்தவங்க எல்லாரையும் "டென்ஷன்தான் காரணம்"னு சொல்லிடறோம். வயிற்றுப்புண்ணுக்குப் பெரும்பாலும் ஹெலிகோபாக்டர்ங்கிற கிருமியோ வலி மாத்திரைகளோதான் காரணம். அழுத்தம் அதை அதிகமாக்கலாம். அதனால வலி இருந்தா டாக்டர்கிட்ட காட்டணும், நாமளா முடிவு பண்ணக்கூடாது.

*3. நம்ம ஊர் வீடுகள்ல நடக்கிறது*

கருமத்தம்பட்டி, சோமனூர் பக்கம் இருக்கிறவங்களுக்குச் சொல்லவே வேண்டாம். நம்மள்ல பாதிப்பேர் தறிச் சத்தம் கேட்டு வளர்ந்தவங்க. பெரும்பாலும் கூலிக்கு நெய்யறதுதான். ஜவுளிக்காரங்க பாவும் நூலும் கொடுப்பாங்க, துணியை நெய்து கொடுத்தா கூலி. கூலியை முடிவு பண்றது நம்ம கையில இல்லை. கரண்ட் பில், தறிக்கு வாங்கின கடன், உதிரி பாகம், ஆள் கூலி இதெல்லாம் நம்ம தலையில.

2022 ஜனவரியில கூலி உயர்வுக்காகத் தறிகளை நிறுத்தினது ஞாபகம் இருக்கும். மறுபடி 2025 மார்ச் 19ல தொடங்கின வேலைநிறுத்தம் ஏப்ரல்ல பேச்சுவார்த்தை முடியற வரைக்கும் ஒரு மாசத்துக்கு மேல நீடிச்சுது. தறி நின்னா ஊரே அமைதியாயிடும். ஆனா வீட்டுக்குள்ள இருக்கிற மனசு நிக்காது. அடுத்த தவணை எப்படிக் கட்டறது, ஸ்கூல் பீஸ் என்ன பண்றதுன்னு ராத்திரி முழுக்க உள்ளுக்குள்ள ஒரு தறி ஓடிட்டே இருக்கும்.

அந்த மாதிரி நேரத்துல பல வீடுகள்ல பசங்க சொல்ற புகார் ஒண்ணு: "அப்பா எதுக்கெடுத்தாலும் எரிஞ்சு விழறார். சொன்னதையே மறக்கறார். சின்னக் கணக்குகூட தப்பாப் போடறார்." அவர் மாறிட்டாரா? இதுக்கு நம்ம தமிழ்நாட்டுலயே நடந்த ஒரு ஆய்வுல பதில் இருக்குது.

*4. கரும்பு விவசாயிகள் சொல்லிக் கொடுத்த பாடம்*

விழுப்புரம், திருவண்ணாமலை மாவட்டங்கள்ல 54 கிராமங்களைச் சேர்ந்த 464 கரும்பு விவசாயிகள்கிட்ட நடத்தின ஆய்வு இது. ஆனந்தி மணி, செந்தில் முல்லைநாதன், எல்டார் ஷாஃபிர், ஜியாயிங் ஜாவோ ஆகிய நாலு பேர் எழுதி, 2013ல 'சயின்ஸ்' இதழ்ல வெளிவந்துச்சு.

கரும்பு விவசாயிக்குப் பெரிய வருமானம் வருஷத்துக்கு ஒரு தடவைதான், அறுவடைக்கு அப்புறம். அதுக்கு முந்தின மாசங்கள்ல கை காஞ்சிருக்கும். அடகும் கடனும் அப்பதான் அதிகம். அதனால ஒரே ஆளை ரெண்டு தடவை சோதிச்சாங்க: அறுவடைக்கு முன்னாடி, பணம் வந்ததுக்கு அப்புறம்.

வடிவங்களைப் பார்த்து அடுத்தது என்னன்னு கண்டுபிடிக்கிற ஒரு புதிர்த் தேர்வு கொடுத்தாங்க. அதுக்குப் படிப்பறிவு தேவையில்லை. பணம் வந்தப்புறம் சராசரியா 5.45 கேள்விக்குச் சரியா பதில் சொன்னவங்க, பணம் வர்றதுக்கு முன்னாடி 4.35 தான் சொன்னாங்க. அதே மனுஷன், அதே மூளை. கவனத்தைச் சோதிக்கிற இன்னொரு தேர்வுலயும் அறுவடைக்கு முன்னாடி நேரம் அதிகமாச்சு, தப்பும் கூடுச்சு. சர்க்கரை ஆலை ஒவ்வொருத்தருக்கும் வேற வேற நேரத்துல வெட்டு ஆர்டர் கொடுக்கிறதால, இது வெயில் மழை பண்ற வேலைன்னும் சொல்ல முடியல.

அறுவடைக்கு முன்னாடி உடம்புலயும் அழுத்தம் கூடுதலா இருந்துச்சு. ஆனா அது மட்டுமே முழுக் காரணம் இல்லைன்னு அவங்க சொல்றாங்க. பணக்கவலை மனசுல பெரிய இடத்தைப் பிடிச்சுக்குது. மிச்சம் இருக்கிற இடத்துலதான் மத்த எல்லாத்தையும் யோசிக்கணும். போன்ல பத்து ஆப் பின்னாடி ஓடிட்டிருந்தா போன் திணறுற மாதிரின்னு வச்சுக்கங்களேன்.

இதுல இருந்து நாம எடுத்துக்க வேண்டியது ரெண்டு.

ஒண்ணு, அழுத்தத்துல இருக்கிறவங்க மறக்கறதும் தடுமாறறதும் எரிஞ்சு விழறதும் அவங்க குணம் கெட்டுப்போச்சுன்னு அர்த்தம் இல்லை. அப்பா மேல கோபம் வர்றப்ப இந்த 4.35ஐ ஒரு தடவை நினைச்சுப் பாருங்க.

ரெண்டு, மனசு பாரமா இருக்கிறப்ப பெரிய முடிவு எடுக்காதீங்க. ஆன்லைன் கடன் ஆப்ல ஓகே அழுத்தறது, வட்டிக்கு வாங்கறது, ரம்மி விளையாடி விட்டதைப் பிடிக்கலாம்னு நினைக்கிறது, படிப்பை நிறுத்தறது, இதெல்லாம் பெரும்பாலும் அந்த நேரத்துலதான் நடக்குது. பேப்பர்ல எழுதுங்க. ஒரு ராத்திரி தூங்கி எழுந்திருங்க. நம்பிக்கையான ஒருத்தர்கிட்ட காட்டிட்டு அப்புறம் முடிவு பண்ணுங்க.

*5. சரி, என்ன செய்யலாம்?*

✅ *மூச்சு.* 2001ல பிரிட்டிஷ் மருத்துவ இதழ்ல ஒரு ஆய்வு வந்துச்சு. 23 பேரை ஜெபமாலை ஜெபமும் மந்திரமும் சொல்ல வச்சுப் பார்த்தாங்க. ரெண்டுலயுமே மூச்சு நிமிஷத்துக்குச் சுமார் 6 தடவையாக் குறைஞ்சு, இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் ஒரு சீரான தாளத்துக்கு வந்துச்சு. நம்ம ஊர் ஜெபமாலை அன்னை ஆலயத்துல சொல்றவங்களுக்கும், வீட்டுல உட்கார்ந்து நாமம் சொல்ற நமக்கும் உடம்பு ஒரே மாதிரிதான் பதில் சொல்லுது. அதனால வேகமா எண்ணிக்கையை முடிக்கிறதுக்காகச் சொல்லாம, நிதானமா, மூச்சை முழுசா விட்டுச் சொல்லுங்க. இது நோயைக் குணப்படுத்தும்னு அந்த ஆய்வு சொல்லல. உடம்பை அமைதிப்படுத்த உதவும், அவ்வளவுதான்.

✅ *நடை.* தைப்பூசத்துக்குப் பழனி பாதயாத்திரை போனவங்களுக்குத் தெரியும், நாலு பேரோட பேசிட்டே நடந்தா மனசு எவ்வளவு லேசாகும்னு. அதுக்குத் தை மாசம் வரைக்கும் காத்திருக்க வேண்டாம். தினமும் அரை மணி நேரம், வாரத்துக்கு அஞ்சு நாள் போதும்.

✅ *தூக்கம்.* நைட் ஷிப்ட் போறவங்க பகல்ல இருட்டான அறையில தூங்குங்க. படுக்கையில போன் வேண்டாம், நம்ம குழு மெசேஜா இருந்தாலும் காலையில பார்த்துக்கலாம் 😊

✅ *பரிசோதனை.* ரத்த அழுத்தமும் சர்க்கரையும் ஆரம்பத்துல வலிக்காது, பார்த்தாத்தான் தெரியும். ஆரம்ப சுகாதார நிலையத்துல பார்த்துக்கலாம். 2021ல தொடங்கின மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வந்தும் பார்க்கறாங்க. அப்பா அம்மாவுக்குக் கண்டிப்பாப் பாருங்க. படபடப்புக்குத் தைராய்டு, ரத்தசோகைகூட காரணமா இருக்கலாம்.

✅ *மருந்து.* டாக்டர் கொடுத்த மாத்திரையை விரதத்துக்காக நிறுத்தாதீங்க. சர்க்கரை மாத்திரை சாப்பிடறவங்க டாக்டரைக் கேட்காம பட்டினி விரதம் இருக்கவே கூடாது. மனநல மாத்திரையும் அப்படித்தான், திடீர்னு விட்டா ஆபத்து.

⚠️ *நெஞ்சுவலி*, இடது கை வலி, மூச்சுத் திணறல் வந்தா "டென்ஷனாத்தான் இருக்கும்"னு உட்கார்ந்திருக்காதீங்க. உடனே 108.

*6. எப்ப உதவி கேட்கணும்?*

ரெண்டு வாரத்துக்கு மேல தூக்கமும் பசியும் கெட்டிருந்தா, பிடிச்ச விஷயத்துல கூட மனசு போகலைன்னா, "நான் இருந்து என்ன பிரயோஜனம்"னு ஒரு தடவை தோணினாக்கூட, பேசுங்க. *14416* டெலி மானஸ், மத்திய அரசோட மனநல உதவி எண். 2022 அக்டோபர்ல இருந்து செயல்படுது, 24 மணி நேரமும் இலவசம், தமிழ்லயே பேசலாம். தமிழக அரசோட *104*ம் இருக்குது. கோவை அரசு மருத்துவமனையில மனநலப் பிரிவு இருக்குது.

அப்படிப் போறவங்களைப் பார்த்து "சாமியை நம்பலையா"ன்னு யாரும் கேட்க வேண்டாம், தயவுசெஞ்சு. கால் உடைஞ்சா கட்டுப் போடப் போறோம். மலை ஏறறப்ப கைப்பிடிச் சுவரைப் பிடிச்சுக்கிறோம். அதனால நம்பிக்கை குறைஞ்சதா யாரும் சொல்றதில்லையே.

கவசம் படிக்கிறவங்க கவனிச்சிருப்பீங்க. அதுல தலையில இருந்து பாதம் வரைக்கும் ஒவ்வொரு உறுப்பா பேர் சொல்லி வேல் காக்கணும்னு கேட்கிறோம். உடம்பை அப்படி அக்கறையா எண்ணிக் காப்பாத்தச் சொல்ற நாம, அதே உடம்பு தூக்கமில்லாம, படபடப்பா, வலியோட கொடுக்கிற சேதியையும் காது கொடுத்துக் கேட்கணும் இல்லைங்களா?

இந்த வாரம் ஒரே ஒரு வேலை. வீட்டுல அதிகமா எரிஞ்சு விழறது யாரோ, அவங்க பக்கத்துல பத்து நிமிஷம் உட்காருங்க. அறிவுரை வேண்டாம். "என்னாச்சுங்க, சொல்லுங்க"ன்னு மட்டும் கேளுங்க. அப்படிக் கேட்க யாரும் இல்லாதவங்க, 14416ஐ இப்பவே போன்ல சேமிச்சு வச்சுக்கங்க.

உங்க நண்பர்கள்ல யாருக்காவது தேவைப்படும்னு தோணினா இந்தப் பதிவை அனுப்புங்க.

வேலும் மயிலும் துணை 🦚