நாக்கின் வலுவை அளக்கும்போது

நாக்கைக் கன்னத்தின் உட்புறம் வைத்து வெளிப்பக்கமாகத் தள்ளச் சொல்வோம். வெளியிலிருந்து விரலால் எதிர்த்து அழுத்திப் பார்ப்போம். பிறகு கேஸ் ஷீட்டில் "இயல்பு", "லேசான குறைவு", "கடும் குறைவு" என்று ஏதோ ஒன்றை எழுதுவோம். ஸ்பீச் தெரபி படித்தவர்கள் எல்லோரும் முதலில் கற்றுக்கொள்ளும் சோதனை இதுதான். படுக்கையில் கிடக்கும் நோயாளிக்கு இன்றும் அதுவே உடனடியாகக் கைகொடுக்கிறது. ஆனால் என் விரலுக்கு "லேசான குறைவு" என்று படுவது இன்னொருவர் விரலுக்கு "இயல்பு" ஆகிவிடும். மாதக்கணக்கில் பயிற்சி கொடுத்த நோயாளி தேறியிருக்க வேண்டும் என்ற ஆசையும் அந்த விரலிலேயே இருக்கிறது.

புணேயை ஒட்டிய போசரியில் இந்தக் குறையை மறைக்க முடியாது. இங்கே என்னிடம் வருபவர்களில் பலர் எம்.ஐ.டி.சி. தொழிற்பேட்டைப் பட்டறைகளில் மைக்ரோமீட்டரும் பிரஷர் கேஜும் பிடித்துப் பழகியவர்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்து லேத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஒருவருக்குப் பக்கவாதத்துக்குப் பின் பேச்சு குழறியது. அவருடைய மனைவி கேட்டார்: "போன மாசத்துக்கு இந்த மாசம் எவ்வளவு கூடியிருக்கு மேடம்?" "நல்லா முன்னேறியிருக்காங்கம்மா" என்றேன். அண்ணாச்சி தலையை அசைத்துவிட்டு, இரண்டு விரல்களால் ஏதோ அளப்பதுபோல் காட்டினார். அவருக்கு ஓர் எண் வேண்டும்.

அந்த எண்ணைத் தரும் கருவிகளில் அதிகம் பயன்படுவது ஐ.ஓ.பி.ஐ. அமெரிக்காவின் அயோவா பல்கலைக்கழகத்தில் எரிக் லுஷெய் உருவாக்கியது. மெல்லிய குழாயின் நுனியில் மெத்தென்ற ஒரு சின்னக் காற்றுக் குமிழ் இருக்கும். அதை மேல் முன்பற்களுக்குச் சற்றுப் பின்னால், மேலண்ணத்தில் வைத்து, நாக்கால் நசுக்கச் சொல்கிறோம். உள்ளே ஏறும் அழுத்தத்தைக் கருவி கிலோபாஸ்கலில் காட்டும். நலமாக இருக்கும் நடுவயதுக்காரர்களிடம் 60ஐ ஒட்டி வரும், முதுமையில் குறையும். கிலோபாஸ்கல் என்றால் யாருக்கும் புரியாது. "50 வந்தால் அரை பார்" என்று சொன்னால் போசரியில் எல்லோருக்கும் புரிகிறது, கம்ப்ரஸரில் தினம் பார்ப்பதுதானே.

அளப்பதில்தான் கவனம் வேண்டும். நோயாளி நிமிர்ந்து உட்கார வேண்டும். பல்செட் போடுபவர் என்றால் ஒவ்வொரு முறையும் போட்டுக்கொண்டே அளக்க வேண்டும், ஒருநாள் போட்டும் ஒருநாள் கழற்றியும் எடுத்த எண்களை ஒப்பிட முடியாது. குமிழ் சில மில்லிமீட்டர் பின்னால் போனாலே அளவு மாறும், அதனால் குழாயில் பல் படும் இடத்தைக் குறித்துவைக்கிறேன். தாடையை இறுக்கிக் கடித்து நாக்குக்கு முட்டுக் கொடுப்பவர்கள் உண்டு. கன்னத்துத் தசை புடைக்கிறதா என்று பார்த்தால் தெரிந்துவிடும். மூன்று முறை, நடுவே ஒரு நிமிடமாவது ஓய்வு, மூன்றில் உயர்ந்ததை எழுதுகிறேன். மூன்றும் ஒன்றுக்கொன்று வெகுவாக விலகினால் அன்றைய அளவையே எடுத்துக்கொள்வதில்லை. "அழுத்துங்க, இன்னும், இன்னும்" என்று ஊக்கப்படுத்தும் குரலும் எல்லா நாளும் ஒரே மாதிரி இருக்க வேண்டும், சத்தமாகச் சொன்னால் எண் ஏறுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். உச்சத்தில் பாதியை எவ்வளவு நேரம் தாங்குகிறார் என்றும் அளக்கலாம். அது நாளுக்கு நாள் ஆடுகிறது, அதை நான் பெரிதாக நம்புவதில்லை. ஜப்பானின் ஜே.எம்.எஸ். கருவியில் எடுத்த எண்ணை இதனோடு நேராக ஒப்பிடுவதும் கூடாது, குமிழின் வடிவம் வேறு.

அண்ணாச்சியின் எண் வாராவாரம் ஏறியது. வீட்டில் எல்லோருக்கும் மகிழ்ச்சி. பேச்சு மட்டும் அந்த வேகத்தில் தெளியவில்லை. இந்த இடத்தில்தான் நோயாளியும் குடும்பமும் மனம் உடைகிறார்கள், அதனால் முதல் நாளே இதைச் சொல்லிவிட வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. சாதாரணமாகப் பேச, நாக்கின் உச்ச வலுவில் சுமார் 10 முதல் 20 விழுக்காடு போதும். மீதியெல்லாம் இடமும் வேகமும் ஒருங்கிணைப்பும். தொல்காப்பியத்தின் பிறப்பியல் நாக்கால் பிறக்கும் எழுத்துகளுக்கு நாக்கு எங்கே போகிறது, அண்ணத்தை ஒற்றுகிறதா வருடுகிறதா என்றுதான் சொல்கிறது. றகரத்துக்கு ஒற்றல், ழகரத்துக்கு வருடல். வருடுவதற்கு வலு எதற்கு? இரும்புக் கம்பியை வளைக்கும் கை கோலம் போடத் தடுமாறலாம்.

அதனால் அழுத்த அளவோடு பேச்சையும் தனியே அளக்கிறேன். "ப-த-க, ப-த-க" என்று விடாமல் வேகமாகச் சொல்லச் சொல்லி, நொடிக்கு எத்தனை அசை என்று எண்ணுகிறேன், பெரியவர்களுக்கு 5 முதல் 7 வரை வரும். அதைவிட முக்கியம், கைப்பேசியில் பதிவு செய்த வாக்கியங்களை நோயாளியைத் தெரியாத ஒருவரிடம் கேட்கக் கொடுத்து, அவருக்கு எத்தனை சொல் புரிந்தது என்று குறிப்பது. மனைவியிடம் கொடுக்கக் கூடாது, அவருக்கு எப்படியும் புரிந்துவிடும். போசரியில் பதிவு இரண்டு மொழியிலும் வேண்டும். கடையில் மராத்தி, வீட்டில் தமிழ் என்று வாழ்பவர்களுக்கு ஒன்று தேறி இன்னொன்று பின்தங்கலாம்.

அழுத்த அளவு உண்மையில் பெரிதும் உதவுவது விழுங்குவதில். கவளத்தைத் தொண்டைக்குத் தள்ள நாக்குக்குத் தெம்பு வேண்டும், இல்லாவிட்டால் உணவு வாயிலேயே தங்கும், புரையேறும். விஸ்கான்சினில் ஜோஆன் ராபின்ஸ் குழு 2005இல் வெளியிட்ட ஆய்வில், 70 முதல் 89 வயதுள்ள பத்துப் பேர் எட்டு வாரம் குமிழை நசுக்கிப் பயிற்சி செய்து நாக்கின் வலுவைக் கூட்டினார்கள். முதல் வாரம் உச்சத்தில் 60 விழுக்காடு இலக்கு, அதன்பின் 80. இப்படி இலக்கு வைக்க, முதலில் உச்சம் எவ்வளவு என்று தெரிந்திருக்க வேண்டும். ஜப்பானில், அவர்களுடைய கருவியில் 30 கிலோபாஸ்கலுக்குக் கீழே போனால் வாயின் செயல்திறன் குன்றியதற்கான அடையாளங்களில் ஒன்றாக எடுத்துக்கொள்கிறார்கள். நம்மூரில் தாத்தா சாப்பிடும்போது இருமினால் "வயசாயிடுச்சு" என்று விட்டுவிடுகிறோம். எனக்கு அதில் மிகுந்த வருத்தம் உண்டு.

மகாராஷ்டிரத்தில் குட்காவுக்குத் தடை வந்தது 2012இல். ஆனாலும் குட்காவும் பாக்கும் மெல்லும் பழக்கத்தால் வாயின் உட்புறம் நார்போல் இறுகி, இரண்டு விரல்கூட நுழையாதபடி வாய் சுருங்கியவர்கள் இன்னும் வருகிறார்கள். அவர்களுக்குக் குமிழை வைப்பதே கடினம். வற்புறுத்தி அளப்பதில்லை, வாய் எவ்வளவு திறக்கிறது, நாக்கு எவ்வளவு நீள்கிறது என்று ஸ்கேலில் அளந்து எழுதுகிறேன். புற்றுநோய்க்காக நாக்கின் ஒரு பகுதியை எடுத்தவர்களுக்கு, புண் ஆறி அறுவை மருத்துவர் அனுமதித்த பிறகே கருவியைத் தொடுகிறேன்.

மோட்டார் நியூரான் நோய் வந்தவர்களிடம் கணக்கே வேறு. எண் குறைந்துகொண்டு போகும், கடும் பயிற்சியால் அதை ஏற்றப் பார்த்தால் களைப்புதான் மிஞ்சும். அங்கே நான் அளப்பது, எப்போது உணவின் பதத்தை மாற்ற வேண்டும், எழுதிக் காட்டும் பலகையையோ கைப்பேசிச் செயலியையோ எப்போது பழக்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான். குரல் தெளிவாக இருக்கும்போதே அவர்கள் விரும்பும் சொற்களை, பிள்ளைகளைக் கூப்பிடும் பெயர்களை, பதிவு செய்துவைக்கச் சொல்கிறேன். இதைத் தள்ளிப்போடாதீர்கள்.