தைக்குள் வெளுக்க வேண்டாம்

மதுரை
நவம்பர் 18

அன்புள்ள கயலுக்கு,

மதினி உன் போட்டோவை அனுப்பி, "இவ மூஞ்சியப் பாருங்க, கருகிப்போய்க் கெடக்கு. நர்ஸா இருந்தவங்க, நீங்கதான் ஒரு வழி சொல்லணும்" என்று கேட்டிருந்தார்கள். பெரிதாக்கிப் பார்த்தேன். இரண்டு கன்னத்து மேட்டிலும் திட்டு. மூக்கோரம் தோல் உரிகிறது. அதுகூடப் பரவாயில்லை, போனில் பேசும்போது வார்த்தைக்கு வார்த்தை செருமுகிறாயே, அதுதான் என் தூக்கத்தைக் கெடுக்கிறது. கேட்டது முகத்தைப் பற்றி, அதனால் அதையே எழுதுகிறேன். இருமலுக்கு டாக்டரைப் பார்த்தாயா என்பதற்குத் தனியாகப் பதில் போடு.

தினமும் டிவியில் உங்கள் டெல்லி ஆனந்த் விஹாரின் காற்று மாசு எண்ணைப் பார்த்துவிட்டுத்தான் சாப்பிட உட்காருகிறேன். பஞ்சாபிலும் அரியானாவிலும் நெல் தாளைக் கொளுத்துகிறார்கள். அதோடு வண்டிப் புகை, கட்டடத் தூசி. குளிருக்குக் காற்று தரையோடு படுத்துக்கொள்வதால் எதுவும் கலைந்து போவதில்லை. பிஎம் 2.5 என்கிறார்களே, அந்தத் துகள் தலைமுடிப் பருமனில் முப்பதில் ஒரு பங்கு. ஒரு நாள் சராசரி கன மீட்டருக்கு 15 மைக்ரோகிராமுக்குள் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2021-இல் சொன்னது. நம் அரசாங்கம் 60 வரை விட்டிருக்கிறது. உங்கள் ஊர் நவம்பரில் அந்த 60-க்கே வழியில்லை.

அந்தத் துகளோடு ஒட்டி வருகிற ரசாயனங்கள் தோலில் நிறம் உண்டாக்கும் செல்களைத் தூண்டிவிடும், கொலாஜனையும் அரிக்கும். ஜெர்மனியில் 70 முதல் 80 வயதுக்குள் இருந்த 400 பெண்களைப் பரிசோதித்து 2010-இல் ஓர் ஆய்வு வெளியிட்டார்கள். வண்டிப் புகையும் கரியும் கூடக்கூட நெற்றியிலும் கன்னத்திலும் திட்டுகள் கூடியிருந்தன, 20 சதவீதம் வரை. அதனால் மதினி உன்னை வைதது எதையும் மனதில் வைக்காதே. நீ சரியாகத் தூங்காததால் மட்டும் வந்த திட்டு இல்லை அது.

செய்ய வேண்டியது கொஞ்சம்தான். மெட்ரோவிலிருந்து ரூமுக்கு வந்ததும், படுக்கையில் விழுவதற்கு முன்னால், நுரை அதிகம் வராத ஃபேஸ்வாஷில் முகம் கழுவு. வெதுவெதுப்பான தண்ணீர் போதும். கீசர் கொதிநீரை முகத்தில் ஊற்றினால் இருக்கிற எண்ணெய்ப் பசையும் போய்விடும். ஒரு நாளைக்கு இரண்டு தரத்துக்கு மேல் கழுவாதே, ஸ்கிரப் போட்டுத் தேய்க்காதே. ஈரம் காய்வதற்குள் செராமைடோ கிளிசரினோ உள்ள மாய்ஸ்சரைசர். காலையில் சன்ஸ்கிரீன், லேசாக நிறம் கலந்தது கிடைத்தால் அதுவே வாங்கு. அதிலிருக்கிற இரும்பு ஆக்சைடு, திட்டைக் கருக்கும் சாதாரண வெளிச்சத்தையும் தடுக்கும். ஸ்கூட்டியில் போகும்போது முகத்தில் சுற்றுகிற துப்பட்டாவைத் தினமும் துவை. நேற்றைய புகையையே இன்றைக்கும் முகத்தில் கட்டிக்கொண்டு போகாதே. அப்பத்தாவின் கடலை மாவு இங்கே நம் வெயிலுக்குச் சரி. அங்கே டிசம்பரில் பூசினால் முகம் வெடித்துவிடும்.

இன்னொன்று, ஜன்னலைச் சாத்திக்கொண்டு கொசுவத்தி ஏற்றுகிறாய் என்று கேள்வி. ஒரு சுருள் எரிந்து முடிந்தால் 75 முதல் 137 சிகரெட் அளவுக்கு அந்த 2.5 துகளை விடுகிறது என்று 2003-லேயே அளந்திருக்கிறார்கள். கொசுவலை கட்டு.

இதெல்லாம் உனக்கே தெரிந்திருக்கும். நான் எழுத உட்கார்ந்தது நீ போகப்போவதாகக் கேள்விப்பட்ட பார்லர் பேக்கேஜுக்காக. 'டீடேன்', பிறகு 'பீல்', பிறகு வீட்டில் பூச ஒரு நைட் கிரீம். தையில் பெண் பார்க்க வருவதற்குள் வெளுத்துவிட வேண்டுமாம். ஐப்பசி மழையில் யாராவது ஓட்டைப் பிரிப்பார்களா? பீல் என்றால் மேல்தோலை உரிப்பது. புகை உச்சத்தில் இருக்கிற மாதத்தில், ஏற்கெனவே உரிந்துகொண்டிருக்கிற முகத்தை, டாக்டர் இல்லாத ஓர் இடத்தில் உரிக்கக் கொடுப்பாயா?

அந்த நைட் கிரீமின் பெயரை எனக்கு அனுப்பு. டியூப் பின்னால் மொமெட்டசோன், பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால் என்று எது இருந்தாலும் அது ஸ்டீராய்டு. லேபிளே இல்லாத டப்பா என்றால் இன்னும் மோசம், பாதரசம்கூட இருக்கலாம். 2023-இல் மலப்புரத்தில் வெளுக்கிற கிரீம் பூசியவர்களுக்குச் சிறுநீரகம் பாதித்தது பேப்பரில் வந்ததே.

உன் பெரியத்தை கதை உனக்குத் தெரியும். தெரியும் என்றுதான் நினைக்கிறேன், நம் வீட்டில் யார் வாயைத் திறக்கிறார்கள்! மாப்பிள்ளை வீட்டார் "பொண்ணு மாநிறந்தான்" என்று சொன்ன அன்று சாயங்காலமே தெருமுனை மெடிக்கலில் டியூப் வாங்கியாகிவிட்டது. முதல் மாதம் முகம் பளபளத்தது. கல்யாண ஆல்பத்தை இன்றைக்கும் எல்லோரும் மெச்சுகிறார்கள், அப்பத்தாவுக்கு அதில் ஏகப் பெருமை. ஆடி வருவதற்குள் கன்னத்தில் சிவப்பு நரம்பு, மேலுதட்டில் பூனைமுடி, அடுப்புப் பக்கம் நின்றால் எரிச்சல். பூசுவதை நிறுத்தினால் இன்னும் பொங்கும் என்பதால் திரும்பத் திரும்ப வாங்கினாள். 'மாநிறந்தான்' என்று சொன்னவர்களை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. "கண்டதையும் பூசிக்கிட்டா" என்று அவளைத்தான் பேசினார்கள். பிற்பாடு எங்கள் தோல் வார்டில் அதே முகங்களை வரிசையாகப் பார்த்தேன். எல்லாம் சின்னப் பிள்ளைகள், நிறையப் பேர் கல்யாணத்துக்கு நாள் குறித்தவர்கள். 2018-இல்தான் 14 ஸ்டீராய்டு களிம்புகளைச் சீட்டில்லாமல் விற்கக்கூடாது என்று அரசாங்கம் உத்தரவு போட்டது. மெடிக்கலில் கேட்டுப் பார், இன்றைக்கும் சும்மா எடுத்துக் கொடுப்பான்.

முடிவு உன்னுடையது. படித்த பிள்ளை, சொந்தச் சம்பளம், அத்தை யார் தடுக்க? பீல் பண்ணிக்கொண்டு தையில் நாலு பேர் முன்னால் வெளுத்து நிற்கலாம், மாசியில் எரிச்சலோடு டாக்டரிடம் ஓடலாம். இல்லையென்றால் அந்தக் காசில் ஒரு தோல் டாக்டரைப் பார்த்து, அவர் சொல்வதைப் பூசி, திட்டு மெதுவாகத் தெளிகிறபடி தெளியட்டும் என்று விடலாம். அதற்குள் வந்து பார்க்கிறவன் பார்க்கட்டும், பிடிக்காவிட்டால் காபி குடித்துவிட்டுப் போகட்டும்.

கோபமாக எழுதிவிட்டேனோ? உன் மேல் இல்லையடி தங்கம். நம் வீட்டிலேயே விவரமான பிள்ளை நீதான், உங்கப்பனைவிட உனக்குப் புத்தி ஜாஸ்தி என்று நான் சொல்லாத ஆள் இல்லை. பார்லருக்கு அட்வான்ஸ் கொடுத்திருந்தால் அந்தப் பணத்தை நான் போட்டுவிடுகிறேன், மதினிக்குத் தெரிய வேண்டாம். பார்சலில் முறுக்கு, பருப்புப் பொடி, நார்த்தங்காய், ஒரு கொசுவலை, ஒரு பெட்டி என்95 மாஸ்க் வருகிறது. பொங்கலுக்குச் சம்பர்க் கிராந்தியில் டிக்கெட் கிடைக்காவிட்டால் சொல், ஃபிளைட்டுக்கு நானும் உன் மாமாவும் பாதி தருகிறோம். கோழி அடித்து வைக்கிறேன்.

உன் அத்தை