டானிக்கால் ஏறாத ரத்தம்

சுங்குவார்சத்திரம், மாத்தூர், ஒரகடம் என்று எந்த ஊர் மருந்துக் கடைக்குப் போனாலும் இரும்புச்சத்து டானிக் கிடைக்கும். குழந்தை வெளுத்துப்போனால் "ரத்தம் கம்மி" என்று அதைத்தான் வாங்கிக் கொடுக்கிறோம். பெரும்பாலும் அது சரிதான். 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பின்படி, தமிழ்நாட்டில் ஆறு மாதம் முதல் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. ஆனால் எத்தனை பாட்டில் கொடுத்தாலும் டானிக்குக்கு மசியாத ரத்தசோகைகளும் உண்டு. டயமண்ட்-பிளாக்ஃபேன் ரத்தசோகை அப்படி ஒன்று. பத்து லட்சம் குழந்தைகளில் 5 முதல் 7 பேருக்கு மட்டுமே வருவதால், அதைப் பற்றித் தெரிந்தவர்கள் குறைவு, தவறான பேச்சுகள் அதிகம்.

நம்பிக்கை: ரத்தம் குறைந்தால் இரும்பு போதவில்லை என்றுதான் அர்த்தம்.

உண்மை: இரும்பு குறைந்தால் சிவப்பணுக்கள் சிறுத்துப்போகும். இந்த நோயில் அவை வழக்கத்தைவிடப் பெரிதாக இருக்கும். வெள்ளை அணுக்களும் தட்டணுக்களும் பெரும்பாலும் சரியாகவே இருக்க, ரெட்டிகுலோசைட் எனும் இளம் சிவப்பணுக்கள் மட்டும் அடிமட்டத்துக்குப் போய்விடும். இரும்பு உடம்பில் இருக்கிறது, அதை வாங்கிக்கொள்ளும் அணுக்கள்தான் உருவாகவில்லை. இந்தக் குழந்தைகளுக்கு அடிக்கடி ரத்தம் ஏற்ற வேண்டிவரும். ஒரு யூனிட் ரத்தத்தில் 200 முதல் 250 மில்லிகிராம் இரும்பு இருக்கிறது. உடம்போ ஒரு நாளில் 1, 2 மில்லிகிராமுக்கு மேல் வெளியேற்றாது. மிச்சம் ஈரலிலும் இதயத்திலும் படிகிறது. அதை வெளியேற்றவே தனி மருந்து கொடுக்கிறார்கள். அந்த நிலையில் டானிக்கும் கொடுப்பது கெடுதல்.

நம்பிக்கை: மரபணுக் கோளாறு என்றால் எல்லா உறுப்பும் ஒரே மாதிரி கெட வேண்டும். ரத்தம் மட்டும் குறைவதால் இது சத்துக் குறைவுதான்.

உண்மை: படித்தவர்களும் தடுமாறும் இடம் இது. நம் செல்களில் புரதம் தயாரிப்பது ரைபோசோம். பாக்டீரியாவின் ரைபோசோம் அமைப்பைத் துலக்கியதற்காகத்தான் சிதம்பரத்தில் பிறந்த வெங்கட்ராமன் ராமகிருஷ்ணன் 2009-இல் வேதியியல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார். மனித ரைபோசோமில் ஏறத்தாழ 80 புரதங்கள். அவற்றில் 145 அமினோ அமிலங்களால் ஆன ஒரு சிறு புரதம் ஆர்.பி.எஸ்.19. அதற்கான மரபணு 19-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. இந்த நோயோடு முதன்முதலில் தொடர்புபடுத்தப்பட்ட மரபணு இதுதான், ஆண்டு 1999. நோயாளிகளில் சுமார் கால்வாசிப் பேருக்குப் பழுது இங்கேதான். மற்றவர்களில் பலருக்கு வேறு ரைபோசோம் மரபணுக்களில்.

மரபணுவின் இரண்டு பிரதிகளில் ஒன்று பழுதானால் புரதத்தின் வரத்து பாதியாகிறது. ஒரகடத்தில் அசெம்பிளி லைனில் நிற்பவருக்கு மீதியை விளக்கத் தேவையில்லை: ஒரு போல்ட்டின் வரத்து பாதியானால், மெதுவாக ஓடும் லைன் சமாளித்துக்கொள்ளும், வேகமாக ஓடும் லைன் நின்றுவிடும். வளர்ந்தவரின் எலும்பு மஜ்ஜை நொடிக்கு ஏறத்தாழ 20 லட்சம் சிவப்பணுக்களை உருவாக்குகிறது. ஒவ்வொன்றிலும் ஹீமோகுளோபினை நிரப்பியாக வேண்டும். ரைபோசோம் குறைந்தால் குளோபின் புரதம் பின்தங்கி, அதனுடன் சேர வேண்டிய ஹீம் தேங்கி, அணுவுக்கே நஞ்சாகிறது. சிவப்பணு உருவாக்கத்தை நடத்தும் காட்டா-1 என்ற புரதமும் குறைகிறது. அடி முதலில் ரத்தத்தில் விழுவது அதனால்தான்.

நம்பிக்கை: தாய்தான் காரணம்.

உண்மை: இதை எழுதும்போதே கோபம் வருகிறது. இந்தக் குழந்தைகளில் சிலருக்குக் கட்டைவிரல் சரியாக அமைந்திருக்காது, சிலருக்கு அண்ணம் பிளந்திருக்கும். உடனே "கிரகணத்தன்னிக்கு வெளியே போனியா, கத்தி எடுத்தியா?" என்று விசாரணை தொடங்கிவிடும். கம்பெனிக்குப் போகும் பெண் என்றால் "ஷிஃப்டுக்குப் போனதால்தான்" என்று இன்னொரு பழியும் சேரும். கிரகணத்துக்கும் இதற்கும் எந்தச் சம்பந்தமும் இல்லை. தாயின் வேலைதான் இந்த நோயை உண்டாக்கியது என்பதற்கும் ஆதாரம் இல்லை. பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளில் அந்த மரபணு மாற்றம் புதிதாக நேர்ந்தது, பெற்றோரிடம் இல்லாதது. மற்றவர்களுக்குத் தாயிடமிருந்தும் வரலாம், தந்தையிடமிருந்தும் வரலாம். சொந்தத்தில் கட்டியதையும் குற்றம் சொல்ல முடியாது. தலசீமியாவைப் போல இருவரும் பழுதான பிரதியைக் கொடுக்க வேண்டியதில்லை, ஒருவரிடமிருந்து ஒன்று வந்தாலே போதும்.

நம்பிக்கை: ஸ்டீராய்டு தொடவே கூடாத மருந்து.

உண்மை: இந்த நோயில் சுமார் 80 சதவீதம் பேருக்கு முதலில் அது பலன் தருகிறது. பக்கவிளைவு உண்டு. அதனால் வழக்கமாக ஒரு வயதுக்குப் பிறகே தொடங்கி, அளவைப் படிப்படியாகக் குறைப்பார்கள். குணமாக்கும் வழி எலும்பு மஜ்ஜை மாற்று. வேலூர் சி.எம்.சி.யில் 1986 முதல் மஜ்ஜை மாற்று சிகிச்சை நடக்கிறது. உடன்பிறந்தவர் மஜ்ஜை கொடுப்பதானால் அவருக்கும் மரபணுப் பரிசோதனை கட்டாயம் தேவை. வெளியே தெரியாமல் அதே பழுது அவரிடமும் இருக்கலாம்.

ஒரு வயதுக்குள் குழந்தை வெளுத்துப்போய், ஒரு மாதம் ஒழுங்காக மருந்து கொடுத்தும் ஹீமோகுளோபின் 1 கிராம்கூட ஏறாவிட்டால் அடுத்த பாட்டிலை வாங்காதீர்கள். ரத்தப் பரிசோதனைச் சீட்டில் எம்.சி.வி., அதாவது சிவப்பணுக்களின் சராசரிப் பருமன், எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள், ரெட்டிகுலோசைட் எண்ணிக்கையும் பார்க்கச் சொல்லுங்கள். ஸ்ரீபெரும்புதூரிலிருந்து எழும்பூர் அரசு குழந்தைகள் மருத்துவமனை சுமார் 40 கிலோமீட்டர், வேலூர் சுமார் 100 கிலோமீட்டர். தயங்காமல் கிளம்புங்கள்.