ஊரேக்கமும் பழைய நண்பரும்

மக்கட்கு இயல்பாய் அமைந்த பற்றுக்களுள் பிறந்த ஊரின்மேற் கொண்ட பற்று மிகவும் ஆழமானது. ஊரில் இருக்குங்கால் அஃது இருப்பதே புலப்படுவதில்லை. ஊரைவிட்டு நீங்கிய அன்றே தலைதூக்குகின்றது. விடுதிக்குப் புதிதாய் வந்து சேரும் முதலாண்டு மாணவர் இதனை நன்கறிவர். பகலில் வகுப்பும் விளையாட்டும் அவரைத் தாங்கும். இரவில் விளக்கணைந்தபின் வீட்டுத் திண்ணையும் தாயின் குரலும் நினைவில் எழ, உறக்கம் வாராது. இதனைக் கோழைமை என்று இகழ்வோர் உளர். அவர் கூற்றுப் பொருந்துமா என்பதையும், இவ்வேக்கம் தணியும் வழி யாது என்பதையும் ஈண்டுச் சிறிது ஆராய்வோம்.

ஐரோப்பாவில் இவ்வேக்கத்தை முதன்முதலாக மருத்துவ நோக்கில் ஆராய்ந்தவர் யோவான் ஹோபர் என்னும் மாணவர். அவர் 1688ஆம் ஆண்டில் சுவிட்சர்லாந்தின் பாசல் நகரப் பல்கலைக்கழகத்தில் அளித்த ஆய்வுரையில், வீடு திரும்புதல், துன்பம் என்னும் பொருளுடைய இரு கிரேக்கச் சொற்களை இணைத்து, ‘நாஸ்டால்ஜியா’ என்று இதற்குப் பெயரிட்டார். அவர் காட்டிய நோயாளருள் ஒருவர் பெர்ன் நகரினின்று பாசலுக்குக் கற்க வந்த ஓர் இளைஞர். அவர் உடல் மெலிந்து உயிருக்கே அஞ்சும் நிலையை அடைந்தனர். ஊருக்கு அழைத்துச் செல்லத் தொடங்கிய அளவிலே, வழியிலேயே தேறினர். இவ்விரு நகர்க்கும் இடைத்தூரம் மிகுதியன்று. திருச்சிராப்பள்ளியினின்று கும்பகோணம் செல்லும் தூரத்தோடு ஒப்பிடத்தக்கதே. ஆகவே ஏக்கத்தை மைற்கல் கொண்டு அளத்தல் இயலாது என்பது விளங்கும்.

நிற்க. ஊர் திரும்புதலே மருந்தெனின், திரும்ப இயலாதவர் கதி என்னை? இதற்கு விடையாக நமது நகரத்தோடு தொடர்புடைய ஒருவரின் வாழ்வை நோக்குவோம். ஜெர்மனியிற் பிறந்த கிறிஸ்தியான் பிரெடரிக் சுவார்ட்ஸ் ஐயர் 1750ஆம் ஆண்டு ஜூலை மாதம் தமிழ்நாட்டின் கரையில் இறங்கினார். தரங்கம்பாடியில் ஏறக்குறையப் பன்னிரண்டாண்டு பணிபுரிந்தபின், 1762இல் கால்நடையாகத் தஞ்சை வழியே திருச்சிராப்பள்ளிக்கு வந்தார். இங்கு அவர்க்குக் கிடைத்த உறையுள் ஒரு பழைய கட்டடத்துள் ஓர் அறை. ஒரு கட்டிலுக்கு மாத்திரமே அதில் இடமிருந்தது. 1778இல் தஞ்சைக்குப் பெயர்ந்து, 1798இல் அங்கேயே உயிர்நீத்தார். ஏறக்குறைய நாற்பத்தெட்டு ஆண்டுகளில் ஒருமுறையேனும் அவர் தாய்நாடு திரும்பினாரல்லர். கப்பல் ஐரோப்பாவினின்று இங்கு வரவே பல மாதம் செல்லும். எழுதிய மடலுக்கு மறுமொழி வருமுன் ஆண்டு கழிந்துவிடும்.

அத்தகையவர்க்குத் தாய்மொழியிற் பேசி அளவளாவத் தக்கோர் இருந்த இடம், ஏறக்குறைய நூறு மைலுக்கு அப்பால் கடற்கரையில் இருந்த தரங்கம்பாடி. 1620 முதல் 1845 வரை டேனிஷ்காரர் வசமிருந்த அவ்வூரில், 1737இலேயே வந்து தங்கிய கோல்ஹாப் ஐயர் என்னும் ஜெர்மானியர் வாழ்ந்தனர். அவருடைய மைந்தர் யோவான் காஸ்பரைச் சுவார்ட்ஸ் ஐயர் தம் மைந்தர் போற் பேணிக் கல்வி பயிற்றினார். 1787ஆம் ஆண்டு ஜனவரி மாதம் அவ்விளைஞர் தரங்கம்பாடியிற் குருப்பட்டம் பெற்றபொழுது, சுவார்ட்ஸ் ஐயர் அங்குச் சென்று பிரசங்கம் செய்தார். தந்தையாரின் ஐம்பதாம் பணியாண்டும் அதுவே. ஒருவர் எழுபதைக் கடந்தவர். மற்றவர் அறுபதை எய்தியவர். நட்போ முப்பத்தாறு ஆண்டைக் கடந்தது. நான்காண்டிற்குள், 1790இல், அம்முதியவர் மறைந்தனர்.

பழைய நண்பரைக் காணுதல் ஏக்கத்தை எங்ஙனம் தணிக்கின்றது? புதிய ஊரில் நாம் யார் என்பதை ஒவ்வொருவர்க்கும் எடுத்துரைத்தல் வேண்டும். நம் சொல்லையும் நகைப்பையும் விளக்குதல் வேண்டும். இவ்வோயாத முயற்சியே உள்ளத்தை மிகவும் களைப்பிக்கின்றது. பழைய நண்பர் முன்னிலையில் அம்முயற்சி வேண்டா. பாதி சொல்லுமுன் அவர் மீதியை உணர்வர். நாம் இழந்தோமென்று எண்ணிய பழைய வாழ்வுக்கு அவரே சான்றாய் எதிரில் அமர்ந்திருப்பர். ஆகவே ஊர் என்பது மண்ணும் மரமும் மாத்திரமன்று. நம்மை முன்பே அறிந்தவர் உள்ளத்திலும் அதில் ஒரு பங்கு உறைகின்றது. நாள்தோறும் கைபேசியிற் குரல் கேட்கும் இக்காலத்தும், உடனிருந்து உண்டு, அலையோரம் வாளா நடந்துவரும் இரண்டு நாட்கு அஃது ஈடாகாது.

இக்கருத்து நமக்குப் புதிதன்று. அரங்கநாதர் இலங்கையை நோக்கித் தென்றிசை முகமாய்ப் பள்ளிகொண்டிருப்பதற்குத் திருவரங்கத் தலபுராணம் ஒரு காரணம் கூறும். இராமபிரான் அளித்த விமானத்தை ஏந்திச் சென்ற வீடணன் காவிரிக் கரையில் இறக்கிவைத்தான். மீண்டும் எடுக்க இயலாது வருந்தினான். அவன் துயர் தணியவே, அவனது நாட்டை என்றும் நோக்கியிருப்பதாகப் பெருமான் அருளினாராம். உடன் செல்ல இயலாதவிடத்து, நம்மை நோக்கி ஒருவர் இருக்கின்றார் என்னும் எண்ணமே ஆறுதலாம் என்பது இதனாற் பெறப்படும்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை வேண்டும். பழைய நட்பு இளைப்பாறும் சத்திரமாகலாம். ஒளிந்துகொள்ளும் அரணாதல் கூடாது. தம் ஊராரோடு மாத்திரமே கூடி, தாம் வாழும் ஊரைப் பழித்துப் பொழுது போக்குவோர்க்கு ஏக்கம் வளருமேயன்றித் தணியாது. சுவார்ட்ஸ் ஐயர் கடற்கரையினின்று தம் பணிக்கே மீண்டார். நண்பரின் மைந்தரையும் அப்பணியில் துணைவராக்கினார். அம்மைந்தர் 1844 வரை தஞ்சையில் அதனைத் தொடர்ந்து நடத்தினர். பழைய நட்பு ஈண்டுப் புதிய ஊரில் வேரூன்றிற்று.

மாணவர்காள்! ஏக்கம் வருத்துமாயின் நாணற்க. அண்மை ஊரிற் பயிலும் பள்ளித் தோழரை ஒரு சனி ஞாயிறு சென்று காண்மின். திங்கட்கிழமை காலையில் வகுப்பிற்கு மீள்வதையும் புறப்படுமுன்னரே உறுதி செய்துகொண்மின். இன்று காணலாம், நாளை காணலாம் என்று ஒத்திவையாதீர். உள்ளூரிலும் திருவரங்கத்திலும் இல்லமுடைய மாணவரோ, விடுதித் தோழர் ஒருவரை விடுமுறையில் அழைத்துச் சென்று தம் தாயார் இட்ட உணவை உடனிருந்து உண்பாராக. இன்று புதியவராய் வந்து உண்பவரே, இருபதாண்டு கழித்து நாம் தேடிச் செல்லும் பழைய நண்பராவர்.