ஆறு நிமிட வகுப்பும் அதன் மறுமுயற்சியும்

1952ஆம் ஆண்டுச் சுரங்கச் சட்டத்தின் கீழ் 1966இல் தொழிற்பயிற்சி விதிகள் வகுக்கப்பட்டன. சுரங்க வேலைக்குப் புதிதாக வருபவர் எவரும் உரிய பயிற்சி பெறாமல் பணியில் ஈடுபடுத்தப்படலாகாது என்பது அவ்விதிகளின் சாரம். மூன்று கிலோமீட்டருக்கும் அதிகமான ஆழத்தில், பாறையின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸைத் தாண்டும் இடத்தில், "இறங்கட்டும், போகப் போகப் பழகிவிடும்" என்று ஒருவரை அனுப்ப முடியாது. இதனைக் கோலார் தங்கவயல் மக்களுக்கு எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை. ஆனால் புதிய ஆசிரியர் ஒருவரை நாற்பது குழந்தைகள் முன் நிறுத்தும்போது மட்டும் அதே சொற்களை நாம் தயக்கமின்றிக் கூறுகிறோம். அவர் பழகிக்கொள்ளும் காலத்தில் ஏற்படும் இழப்பு எந்தக் கணக்கேட்டிலும் பதிவாவதில்லை என்பதே இதற்குக் காரணம் போலும்.

தங்கவயலில் இந்த இழப்பு சற்றுக் கூடுதலாகவே உறைக்கும். 1880இல் ஜான் டெய்லர் நிறுவனத்தார் இங்கு சுரங்கப் பணியைத் தொடங்கிய பின்னர், வட ஆர்க்காடு, சித்தூர்ப் பகுதிகளிலிருந்து தமிழரும் தெலுங்கரும் பெருமளவில் வந்து குடியேறினர். 1972இல் அமைந்த பாரத் தங்கச் சுரங்க நிறுவனம் 2001இல் மூடப்பட்டது. அதன்பின், மாரிக்குப்பத்திலிருந்து பெங்களூருக்குச் செல்லும் ரயில்களே ஊரின் வாழ்வாதாரமாக மாறின. அங்கே வேலை தேடும் இளைஞர்களுக்குக் கைம்முதல் பள்ளிப் படிப்பு ஒன்றுதான். வீட்டில் தமிழ், பாடப் புத்தகத்தில் கன்னடம் அல்லது ஆங்கிலம் என்று இருக்கும் குழந்தைக்கு, ஆசிரியரின் திறமைக் குறைவு இரட்டிப்புச் சுமையாகிறது.

இவ்வகை இழப்பைக் குறைக்கும் நோக்குடன் உருவானதே நுண்ணிலைக் கற்பித்தல். 1963இல் அமெரிக்காவின் ஸ்டான்ஃபோர்டு பல்கலைக்கழகத்தில் டுவைட் ஆலன் என்பவரும் அவருடைய கூட்டாளிகளும் இதனை வளர்த்தெடுத்தனர். முழு வகுப்புக்குப் பதில் நான்கைந்து மாணவர். ஒரு மணி நேரத்திற்குப் பதில் சில நிமிடங்கள். பல திறன்களுக்குப் பதில் ஒரே ஒரு திறன். நம் நாட்டில் 1967இல் அலகாபாத்தில் டி.டி.திவாரி இம்முறையைக் கையாண்டார். பின்னர் பரோடாவில் ஆய்வுகள் நடைபெற்றன. பி.கே.பாசி 1976இல் வெளியிட்ட நூல் 13 கற்பித்தல் திறன்களை வரிசைப்படுத்திற்று. ஸ்டான்ஃபோர்டில் இருந்த ஒளிப்பதிவுக் கருவியும் பள்ளி மாணவர்களும் எல்லாக் கல்லூரிகளுக்கும் எட்டாதவை. ஆதலால் சக பயிற்சியாளர்களையே மாணவர்களாக அமர்த்தி, கருவிகள் ஏதுமின்றி நடத்தும் இந்திய முறையைத் தேசியக் கல்வி ஆராய்ச்சி, பயிற்சிக் குழு உருவாக்கியது.

இம்முறையில் ஒரு சுற்றுக்கு 36 நிமிடங்கள். கற்பித்தல் 6, பின்னூட்டம் 6, மறு திட்டமிடல் 12, மறு கற்பித்தல் 6, மறு பின்னூட்டம் 6.

ஓர் எடுத்துக்காட்டைக் கொள்வோம். தங்கவயலில் பணியாற்றவிருக்கும் பயிற்சி ஆசிரியை ஒருவர், கிளர்வினாத் திறனுக்காக அடர்த்தி என்னும் பாடத்தை எடுக்கிறார். இரும்பு மூழ்கும், மரக்கட்டை மிதக்கும் என்று கூறி, சூத்திரத்தைக் கரும்பலகையில் எழுதி, "புரிந்ததா?" என்று கேட்கிறார். எல்லோரும் தலையசைக்கின்றனர். ஆறு நிமிடம் முடிந்ததும் பார்வையாளர் தம் குறிப்பைக் காட்டுகிறார். கேட்கப்பட்ட வினாக்கள் ஏழு; அவற்றுள் நான்கு "புரிந்ததா?" என்பதே. மாணவர் ஒரு சொல்லுக்கு மேல் விடை கூறியது ஒரு முறை கூட இல்லை. இவ்வாறு எண்ணிக் காட்டும்போது, "சற்று உற்சாகமாக நடத்துங்கள்" போன்ற பொதுவான அறிவுரைக்கு இடமில்லாமற் போகிறது.

பன்னிரண்டு நிமிடம் அவர் யோசிக்கிறார். இம்முறை ஊரிலிருந்தே தொடங்குகிறார். அரைத்த தாதுப்பொடியைத் தட்டிலிட்டு நீரில் அலசினால், வெள்ளைக்கல் தூள் அடித்துச் செல்ல, தங்கத் துகள் மட்டும் அடியில் தங்குவது ஏன்? மாணவராக அமர்ந்தவர், தங்கவயல் குழந்தை சொல்லக்கூடிய விடையையே சொல்கிறார்: "தங்கம் கனம்." கன்னடப் பாடநூலின் 'சாந்த்ரதெ' என்ற சொல் அக்குழந்தைக்குத் தெரியாது, ஆனால் கருத்தின் பாதி வழியை அது கடந்துவிட்டது. ஆசிரியை அந்தத் தமிழ்ச் சொல்லை ஏற்றுக்கொண்டு மேலும் கிளறுகிறார். "ஒரு மூட்டை வெள்ளைக்கல் ஒரு குண்டுமணித் தங்கத்தை விடக் கனமாயிற்றே?" சிறிது மௌனம். "ஒரே அளவு எடுத்துப் பார்க்க வேண்டும்" என்ற விடை வருகிறது. ஒரு கன சென்டிமீட்டர் தங்கம் 19.3 கிராம், வெள்ளைக்கல் ஏறத்தாழ 2.65 கிராம் என்று அப்போது கரும்பலகையில் எழுதப்படும் எண்களுக்குப் பொருள் உண்டு. முன்னர் எழுதிய சூத்திரத்திற்கு அது இருக்கவில்லை.

இவ்விரு ஆறு நிமிடங்களுக்கும் இடையேயுள்ள வேறுபாடே இம்முறையின் முழுப் பயன். நடைமுறையில் முதலில் கைவிடப்படுவதும் இதுவே. பயிற்சிக் கல்லூரி ஒன்றில் பதிவேடுகளைப் புரட்டியபோது, கற்பித்தலும் மறு கற்பித்தலும் ஒரே மையில், ஒரே நாளில், முன்னதில் குறைந்த மதிப்பெண்ணும் பின்னதில் கூடுதல் மதிப்பெண்ணுமாக எழுதப்பட்டிருக்கக் கண்டேன். மறு கற்பித்தல் நடைபெற்றதா என்று கேட்டதற்கு, "நேரம் எங்கே இருக்கிறது, ஐயா?" என்று பதில் வந்தது.

நேரத்தைச் சற்றுக் கணக்கிட்டுப் பார்ப்போம். பயிற்சியாளர் 50 பேர், திறன்கள் 5 எனில் 250 சுற்றுகள். பத்துப் பேர் கொண்ட ஐந்து குழுக்களாக, குழுவுக்கு ஒரு விரிவுரையாளர் வீதம் பிரித்தால், ஒரு குழுவுக்கு 50 சுற்றுகள். அதாவது 30 மணி நேரம். இதையும் குறைக்கலாம். ஒருவர் மறு திட்டமிடும் 12 நிமிடங்களில் இன்னொருவரின் கற்பித்தலும் பின்னூட்டமும் சரியாக அடங்கிவிடும். இவ்வாறு இருவரைப் பிணைத்தால், இரு சுற்றுகள் 72 நிமிடங்களுக்குப் பதில் 48 நிமிடங்களில் முடியும். குழுவுக்கு மொத்தம் 20 மணி நேரம். மறு கற்பித்தலை அறவே நீக்கினாலும் 10 மணி நேரம் தேவைப்படும். ஆக, அதனைக் கைவிடுவதால் மிச்சமாவது பத்து மணி நேரம் மட்டுமே. ஆசிரியர் கல்விக்கான தேசியக் குழுவின் 2014ஆம் ஆண்டு விதிமுறைகள் பி.எட். படிப்பை ஈராண்டுகளாக நீட்டின. அத்தகைய படிப்பில் பத்து மணி நேரம் இல்லை என்பது ஏற்கத்தக்கதன்று. உண்மையான தடை, கால அட்டவணையை இணையிணையாக அமைக்கும் தொல்லையும், உட்கார்ந்து எண்ணும் பொறுமையுமே.

இந்திய முறையிலும் ஒரு குறை உண்டு. பட்டம் பெற்ற ஒருவர் எட்டாம் வகுப்பு மாணவராக நடிக்கும்போது, அறியாமையையும் நடிக்க வேண்டியுள்ளது. மேற்கண்ட எடுத்துக்காட்டில் "தங்கம் கனம்" என்று சொல்ல, அங்கு அமர்ந்தவர் தங்கவயல் வீடுகளை அறிந்தவராக இருந்தாக வேண்டும். தார்வாடிலிருந்தோ மைசூரிலிருந்தோ வந்த பயிற்சியாளர் பாடநூல் விடையையே கூறிவிடுவார். ஆசிரியைக்குக் கிளற வேண்டிய தேவையே எழாது. எனவே ஐந்து சுற்றுகளில் கடைசி ஒன்றையேனும், பக்கத்துப் பள்ளியின் குழந்தைகள் ஐந்து பேரைப் பெற்றோர் இசைவுடன் ஒரு சனிக்கிழமை காலையில் அழைத்து நடத்தலாம். இதற்குச் செலவு சிற்றுண்டி அளவே. ராபர்ட்சன்பேட்டையிலும் ஆண்டர்சன்பேட்டையிலும் தமிழ், தெலுங்கு, கன்னடம், உருது பேசும் குழந்தைகள் ஒரே தெருவிலேயே கிடைப்பர். அந்த ஐவரில் ஒருவர் பேசாமல் இருந்தால், அவருடைய மௌனத்தையும் பார்வையாளர் தம் தாளில் ஒரு கோடாகக் குறித்துக்கொள்ளட்டும்.