தெரிந்த சொல்லின் தெரியாத பொருள்



யோங் பெங்கில் கடை நடத்தும் நமக்கு மலாய் பாஷை சரளமாக வரும். சீன வாடிக்கையாளரிடம் விலை பேசவும் வரும். ஆனால் வங்கியிலிருந்து ஆங்கிலப் பத்திரம் வந்துவிட்டால், கையொப்பமிடும் இடத்தைத்தான் முதலில் தேடுகிறோம். இது நல்ல வழக்கமன்று.

உயர்ந்த ஆங்கிலம் என்பது வாயில் நுழையாத சொற்களை மனப்பாடம் செய்வது எனப் பலர் எண்ணுகின்றனர். வியாபாரிக்கு முதற் பாடம் அதுவன்று. நாம் அன்றாடம் புழங்கும் சொற்களுக்கே பத்திரத்தில் வேறு பொருள் உண்டு. அதை அறிவதே முதற் பாடம்.

'செக்யூரிட்டி' என்றால் நமக்குக் காவலாளி. கடன் பத்திரத்தில் அது ஈடு. 'பிரின்சிபல்' பள்ளித் தலைமையாசிரியர். கடனில் அசல் தொகை. 'இன்ட்ரஸ்ட்' ஆர்வம், கடனில் வட்டி, சொத்தில் உரிமை. 'கன்சிடரேஷன்' பரிவு, ஒப்பந்தத்தில், ஒன்றைப் பெறுவதற்காகப் பதிலுக்குத் தரும் பணமோ பொருளோ வாக்குறுதியோ ஆகும்.

'கியாரண்டி' என்பதைக் கவனமாகப் பார்ப்போம். கடிகாரத்துக்கு அது பழுதானால் சரிசெய்து தரும் உறுதி; வங்கியில் அது ஜாமீன். மலேசியாவின் 1950ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டம், 79ஆம் பிரிவில், ஜாமீன் நிற்பவரை 'ஷூரிட்டி' என்கிறது. ஒப்பந்தத்தில் வேறுவிதமாகச் சொல்லாதவரை, அவருடைய பொறுப்பு கடனாளியின் பொறுப்போடு 'கோ-எக்ஸ்டென்சிவ்' என்கிறது 81ஆம் பிரிவு. இச்சொல்லைப் பிரித்தால் பயம் போய்விடும்: 'கோ' என்றால் கூட, 'எக்ஸ்டென்ட்' என்றால் அளவு. அதாவது, கடனாளிக்கு எவ்வளவு பொறுப்போ, ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. சிநேகிதருக்காகப் "பெயருக்கு" இட்ட கையொப்பம் கடையின் முதலையே கரைத்துவிடக்கூடும்.

ஆகவே ஒரு நோட்டுப் புத்தகம் வைப்போம். வீட்டிலுள்ள பழைய பத்திரத்திலிருந்து நாளொரு சொல் எடுப்போம். சொல்லை மட்டுமன்றி, அது வரும் வாக்கியம் முழுவதையும் எழுதுவோம். பக்கத்துச் சொற்களே பொருளைக் காட்டும். அகராதியில் முதற் பொருளோடு நின்றுவிடாமல் எல்லாப் பொருளையும் பார்ப்போம். 'டிஃபால்ட்', 'டிஃபால்ட்டர்' என அதன் சொந்தக்காரச் சொற்களையும் சேர்ப்போம். ஆறு நாள் படித்து, ஏழாம் நாள் திருப்பிப் பார்த்தால், 52 வாரத்தில் 312 சொற்கள் கைவசமாகும். பள்ளி செல்லும் நம் பிள்ளைகளிடம் கேட்டுக்கொள்வதில் வெட்கம் வேண்டாம்.

நோட்டுப் புத்தகம் வக்கீலுக்கு ஈடாகாது. ஆனால் கையொப்பத்துக்கு முன் வக்கீலிடம் எதைக் கேட்க வேண்டும் என்பதை அது நமக்குச் சொல்லித் தரும்.